பாக்டீரியா நெய்யும் சர்க்கரை இழைகள்: குடலுக்குள் அவற்றை உண்பது யார்?

சர்க்கரை ஆலைகளுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. பிழிந்த சாற்றைக் காலம் தாழ்த்தாமல் காய்ச்சாவிட்டால் அது கொழகொழவென்று தடித்து, குழாய்களையும் வடிகட்டிகளையும் அடைத்துக்கொள்ளும். படிகமாகத் திரள வேண்டிய சர்க்கரையும் ஒழுங்காகத் திரளாது. திராட்சை மதுவில் தோன்றும் இதே மாதிரியான வழுவழுப்பை ஆராய்ந்த லூயி பாஸ்டர், அது நுண்ணுயிரிகளின் வேலை என்று 1861ஆம் ஆண்டில் காட்டினார். ஷைப்லர் என்ற வேதியியலாளர் 1874இல் அந்தப் பொருளுக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயரிட்டார். அதை உண்டாக்கும் உயிருக்கு லூக்கோனாஸ்டாக் மெசன்டீராய்டிஸ் என்ற பெயரை 1878இல் வான் டீகெம் சூட்டினார். ஆலையிலிருந்து எப்படியாவது கழுவி வெளியேற்ற வேண்டிய அழுக்காக இருந்த டெக்ஸ்ட்ரான், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரத்தம் இழந்தவர்களின் நாளங்களில் ஏற்றப்படும் திரவமாக மருத்துவமனைக்குள் நுழைந்தது. இப்போது அதற்கும் அதன் உறவுப் பொருள்களுக்கும் மூன்றாவதாக ஒரு பணி சொல்லப்படுகிறது. மனிதப் பெருங்குடலில் வாழும் பயனுள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகி, அதன் வழியே நமக்கு நலம் தரும் ப்ரீபயாடிக் ஆக அவை விளங்கக்கூடும் என்பதே அது.

இந்தக் கூற்றை ஆதரித்து ஆண்டுதோறும் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவருகின்றன. ஏதோ ஒரு புளித்த உணவிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது உண்டாக்கும் பாலிசாக்கரைடை, அதாவது சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலியை, தூய்மைப்படுத்தி, சில குடுவைச் சோதனைகளை நடத்தி, 'ப்ரீபயாடிக் ஆற்றல் கொண்டது' என்று முடிக்கும் கட்டுரைகளே அவற்றில் மிகுதி. அந்த முடிவைப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் பாலிசாக்கரைடு' என்ற ஒரே தொடருக்குள் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள் அடங்கியிருக்கின்றன; அவற்றில் ஒன்றுக்கு நிறுவப்பட்ட பண்பை இன்னொன்றுக்கு ஏற்றிச் சொல்வது எங்கும் நடக்கிறது. ஆகவே இந்த இழைகள் எப்படி உருவாகின்றன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்பவை சர்க்கரையை முதன்மையாக லாக்டிக் அமிலமாக மாற்றி வாழும் ஒரு பெருங்கூட்டம். லாக்டோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லூக்கோனாஸ்டாக், வைசெல்லா, பீடியோகாக்கஸ் ஆகியவற்றோடு, முன்பு லாக்டோபேசில்லஸ் என்ற ஒற்றைப் பேரினத்தில் அடக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு மறுவகைப்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரிக்கப்பட்டவையும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பல, செல்லின் புறத்தே சர்க்கரை அலகுகளை நீண்ட சங்கிலிகளாகக் கோத்து வெளியிடுகின்றன. சில சங்கிலிகள் செல்லைச் சுற்றி உறைபோல ஒட்டிக்கொள்ளும். சில சுற்றியுள்ள திரவத்தில் கலந்துவிடும். தயிரைக் கரண்டியால் எடுக்கும்போது நூலிழையாக இழுபடுவதற்கு இப்படிக் கலந்த சங்கிலிகளே காரணம்.

இவை உருவாகும் வழிகள் இரண்டு. முதல் வழி மிக எளியது. பாக்டீரியா ஒரு நொதியைச் செல்லுக்கு வெளியே அனுப்பிவிடும். அந்த நொதி சுக்ரோஸை, அதாவது சாதாரண வெள்ளைச் சர்க்கரையை, குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும். பிளக்கும்போது விடுபடும் பிணைப்பாற்றலைக் கொண்டே இரண்டில் ஒன்றைச் சங்கிலியில் சேர்த்துக்கொண்டே போகும். குளுக்கோஸைச் சேர்க்கும் நொதிகள் குளுக்கான்களையும் ஃபிரக்டோஸைச் சேர்க்கும் நொதிகள் ஃபிரக்டான்களையும் தருகின்றன. செல்லின் சொந்த ஆற்றல் இதில் ஏறத்தாழச் செலவாவதே இல்லை என்பதால் விளைச்சல் பெரிது. சுக்ரோஸ் தாராளமாக இருந்தால் ஒரு லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் வரை கிடைக்கும். அடுத்தடுத்த சர்க்கரை அலகுகள் எந்த இடங்களில், எந்தத் திசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதையே 1,6 போன்ற எண்களும் ஆல்ஃபா, பீட்டா என்ற எழுத்துகளும் குறிக்கின்றன. ஆல்ஃபா-1,6 பிணைப்பு மேலோங்கிய டெக்ஸ்ட்ரான், ஆல்ஃபா-1,6 பிணைப்பும் ஆல்ஃபா-1,3 பிணைப்பும் மாறிமாறி வரும் ஆல்டர்னான், ஆல்ஃபா-1,4 பிணைப்பும் ஆல்ஃபா-1,6 பிணைப்பும் கலந்த ரியூட்டரான், பீட்டா-2,6 பிணைப்புள்ள லீவான், பீட்டா-2,1 பிணைப்புள்ள இனுலின் வகை ஆகியவை இவ்வழியில் பிறப்பவை. பல்லில் படியும் காரையைக் கெட்டிப்படுத்தும், ஆல்ஃபா-1,3 பிணைப்பு மேலோங்கிய மியூட்டானும் இதே நொதிக் குடும்பத்தின் படைப்புதான். கரையாத அப்பொருள் பல்லுக்குக் கேடு செய்ய, அதன் உடன்பிறப்பான கரையும் டெக்ஸ்ட்ரான் மருந்தாகப் பயன்படுகிறது. பிணைப்பின் இடம் ஓர் எண் மாறினாலே பொருளின் குணம் எவ்வளவு மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வழி செல்லுக்கு உள்ளே நடப்பது. சிக்கலானது, செலவு மிக்கது. குளுக்கோஸ், கேலக்டோஸ், ராம்னோஸ் முதலிய சர்க்கரைகளை முதலில் நியூக்ளியோடைடுகளோடு இணைத்து ஆற்றலேற்ற வேண்டும். பிறகு செல் சவ்வில் உள்ள ஒரு கொழுப்புத் தாங்கியின் மேல் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கி, மூன்று முதல் எட்டு வரையிலான சர்க்கரைகள் கொண்ட ஓர் அலகைக் கட்ட வேண்டும். அந்த அலகு சவ்வுக்கு வெளியே புரட்டப்பட்டு, ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாகிறது. பாலில் வளரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ், லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்த கலப்புப் பாலிசாக்கரைடுகளையே உண்டாக்குகின்றன. கெஃபிர் என்ற புளித்த பால் பானத்துக்கான மணிகளின் உடலாக அமைந்த கெஃபிரானும் குளுக்கோஸும் கேலக்டோஸும் கலந்த இவ்வகைப் பொருள்தான். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பாக்டீரியா வகைகள்கூட முற்றிலும் வேறான அலகுகளைக் கட்டும். விளைச்சலோ லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் முதல் சில நூறு மில்லிகிராம் வரைதான். லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் இனத்தின் ஒரு வகை லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டியது இத்துறையில் பெரிய விளைச்சலாகப் பேசப்படுவதிலிருந்தே மற்றவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பாக்டீரியா ஏன் இந்தச் சிரமத்தை மேற்கொள்கிறது? பஞ்ச காலத்துக்கான சேமிப்பு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இவற்றை உண்டாக்கும் பெரும்பாலான லாக்டிக் அமில பாக்டீரியாக்களால் தாம் கட்டிய சங்கிலியைத் தாமே திரும்ப உடைத்து உண்ண இயலாது. வறட்சியிலிருந்தும், அமிலத்திலிருந்தும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிலிருந்தும் காப்பு பெறுவதும், மேற்பரப்புகளில் ஒட்டிக்கொள்வதுமே இவற்றின் முதன்மைப் பயன்களாகக் கருதப்படுகின்றன. கட்டியவராலேயே உண்ண முடியாத ஒன்றை வேறொருவர் உண்ண முடியுமா என்பதுதான் ப்ரீபயாடிக் ஆய்வின் அடிக்கேள்வி.

ப்ரீபயாடிக் என்ற கருத்தை 1995இல் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும் வகுத்தார்கள். செரிக்கப்படாத உணவுக் கூறு ஒன்று, பெருங்குடலில் உள்ள ஒன்று அல்லது சில பாக்டீரியா இனங்களின் வளர்ச்சியையோ செயலையோ தேர்ந்து தூண்டி, அதனால் உண்பவருக்கு நன்மை செய்ய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வரையறையின் சாரம். ப்ரோபயாடிக்குகளுக்கும் ப்ரீபயாடிக்குகளுக்குமான பன்னாட்டு அறிவியல் சங்கம் 2017இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இதைச் சற்று விரித்து, உடலில் வாழும் நுண்ணுயிரிகளால் தேர்ந்து பயன்படுத்தப்பட்டு உடல்நலனுக்கு நன்மை தரும் பொருள் என்று திருத்தியது. வரையறை தளர்ந்ததுபோல் தோன்றினாலும், 'தேர்ந்து' என்ற சொல்லும் 'நன்மை' என்ற சொல்லும் இரண்டிலும் நிற்கின்றன. ஒரு பொருள் குடல் பாக்டீரியாவால் உண்ணப்படுகிறது என்பது மட்டும் போதாது. யாரால் உண்ணப்படுகிறது, அதனால் மனிதருக்கு அளவிடத்தக்க என்ன நன்மை விளைந்தது என்பவற்றுக்கும் விடை வேண்டும்.

முதல் தடை செரிமானம். நம் சொந்த மரபணுக்கள் உணவிலுள்ள மாவுப்பொருள்களைச் செரிப்பதற்காகத் தரும் நொதிகள் இருபதுக்கும் குறைவானவை. அவை ஸ்டார்ச்சையும் சுக்ரோஸையும் லாக்டோஸையும் நன்றாக உடைக்கும், பீட்டா பிணைப்புகளால் கோக்கப்பட்ட பெரும்பாலான சங்கிலிகளைத் தொடாது. அதனால் கலப்புப் பாலிசாக்கரைடுகளும் ஃபிரக்டான்களும் பெருமளவு சிதையாமல் சிறுகுடலைக் கடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். எனினும் ஃபிரக்டோஸ் அலகுகளுக்கிடையே உள்ள பிணைப்பு அமிலத்துக்கு எளிதில் இளகுவது. வயிற்றில் நெடுநேரம் தங்கினால் லீவானின் ஒரு பகுதி அங்கேயே அறுபடலாம்.

டெக்ஸ்ட்ரானின் கதை இன்னும் சிக்கலானது. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமிலேஸ் ஆல்ஃபா-1,4 பிணைப்பை மட்டுமே வெட்டும் என்பதால் டெக்ஸ்ட்ரான் அதற்கு அசையாது. இதை மட்டும் சோதித்துவிட்டு 'செரிமானத்தைத் தாங்குகிறது' என்று முடித்துவிடும் கட்டுரைகள் பல. ஆனால் சிறுகுடலின் சுவரில் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்ற நொதி பதிந்திருக்கிறது. அது ஆல்ஃபா-1,6 பிணைப்பைச் சங்கிலியின் முனையிலிருந்து அறுக்க வல்லது. ஆகவே கிளைகள் குறைந்த டெக்ஸ்ட்ரானின் ஒரு பகுதி மெதுவாகக் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்ந்துவிடும். இது தீங்கு எதையும் செய்யாது. மெல்லச் செரிக்கும் மாவுப்பொருளுக்கு அதற்குரிய பயன் உண்டு. ஆனால் சிறுகுடலில் உறிஞ்சப்பட்ட பகுதி பெருங்குடலை எட்டாது. எட்டாத ஒன்று ப்ரீபயாடிக் ஆக முடியாது. மாறாக, ஆல்ஃபா-1,2 கிளைகள் கொண்ட டெக்ஸ்ட்ரானும், பிணைப்புகள் மாறிமாறி வரும் ஆல்டர்னானும் இந்த நொதிகளுக்கு எளிதில் மசிவதில்லை. குடல்சுவர் நொதிகளைச் சேர்க்காத செரிமானச் சோதனை டெக்ஸ்ட்ரான் போன்ற ஒரு பொருளைப் பற்றி எதையுமே நிறுவுவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

செரிமானத்தைக் கடந்து பெருங்குடலை எட்டிய சங்கிலியை யார் உண்கிறார்கள்? பாக்டீராய்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் இதில் கைதேர்ந்தவை. பெரிய மூலக்கூற்றைச் செல்லின் மேற்பரப்பிலேயே பிடித்து, துண்டாக்கி, உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதத் தொகுதிகள் அவற்றிடம் உண்டு. ஒவ்வொரு வகைச் சங்கிலிக்கும் தனித்தனியாக, மரபணுக்கள் கொத்துக் கொத்தாக அமைந்த தொகுதிகள் அவை. பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரானிடம் மட்டும் சர்க்கரைப் பிணைப்புகளை அறுக்கும் நொதிகள் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. டெக்ஸ்ட்ரானுக்கென்று ஒரு மரபணுக் கொத்தும், லீவானுக்கென்று ஒரு கொத்தும் அதனிடம் உள்ளன. பீட்டா-2,6 பிணைப்புள்ள லீவானில் நன்கு வளரும் அதே பாக்டீரியா, பீட்டா-2,1 பிணைப்புள்ள இனுலினில் அப்படி வளர்வதில்லை என்பதையும், அதன் உறவினங்கள் சில இதற்கு நேர்மாறானவை என்பதையும் 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டுமே ஃபிரக்டோஸ் சங்கிலிகள். பிணைப்பு ஒன்று மாறியதில் பந்தியில் அமர்பவர் மாறிவிடுகிறார்.

ப்ரீபயாடிக் ஆய்வுகள் நெடுங்காலமாகத் தேடுவதோ பிஃபிடோ பாக்டீரியாக்களை. இவை பொதுவாகச் சிறு சங்கிலிகளை உள்ளே வாங்கிச் செரிப்பவை. மிக நீண்ட சங்கிலிகளைத் தாமாக உடைக்கும் திறன் இவற்றில் பலவற்றுக்குக் குறைவு. அதனால்தான் தூய வளர்ப்பில் ஒரு பிஃபிடோ பாக்டீரியாவோடு ஒரு பாலிசாக்கரைடை மட்டும் வைத்துப் பார்க்கும் சோதனை, குடலில் நிகழ்வதை ஏறத்தாழச் சொல்லவே சொல்லாது. குடலில் ஒருவர் உடைத்ததை இன்னொருவர் உண்கிறார். பாக்டீராய்டிஸ் அறுத்துச் சிந்தும் துண்டுகளைப் பிஃபிடோ பாக்டீரியா பொறுக்கிக்கொள்ளலாம்; பிஃபிடோ பாக்டீரியா வெளியிடும் அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் ஃபீக்காலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்றவையும் அவற்றின் உறவினங்களும் எடுத்துக்கொண்டு பியூட்டிரேட் ஆக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மை எரிபொருள் அந்தப் பியூட்டிரேட்தான். எனவே ஒரு பாலிசாக்கரைடு 'நல்ல' பாக்டீரியாவால் நேரடியாக உண்ணப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சங்கிலித்தொடராக நடக்கும் இந்த விருந்தின் முடிவில் என்ன மிஞ்சுகிறது என்பதே பார்க்க வேண்டியது.

புளித்த மாவில் வாழும் ஃபிரக்டிலாக்டோபேசில்லஸ் சான்ஃபிரான்சிஸ்சென்சிஸ் உண்டாக்கும் லீவான் வகைப் பொருளை மனித மலத்தின் நுண்ணுயிர்க் கூட்டத்தோடு சேர்த்து வளர்த்தபோது பிஃபிடோ இனங்கள் பெருகின என்று 2001இல் வெளியான ஆய்வு கூறியது. இத்துறையின் நம்பிக்கைக்கு வித்திட்ட முடிவுகளில் இது ஒன்று. அதற்கு ஓராண்டு முன்பு வந்த இன்னோர் ஆய்வு, உணவோடு தொடர்புடைய பல கலப்புப் பாலிசாக்கரைடுகளை இதே போன்ற மலக் கூட்டத்தில் இட்டுப் பார்த்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸின் சில வகைகளுடைய சங்கிலிகள் எளிதில் சிதைந்தன. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு வகையின் சங்கிலியும், லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் வகை ஒன்றின் சங்கிலியும் சிதையாமல் அப்படியே நின்றன. குடல் நுண்ணுயிரிகளால் தொட முடியாத சங்கிலி மலத்துக்குப் பருமன் சேர்க்கும் நார்ச்சத்தாகப் பயன்படலாம். ப்ரீபயாடிக் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. ஒரே இனத்துக்குள்ளேயே விடை இரண்டாகப் பிரியும்போது, இனத்தின் பெயரை வைத்துப் பொதுவாகப் பேசுவதில் என்ன பொருள் இருக்கிறது?

இனி அளவைப் பற்றி. இத்துறையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுதான். நன்கு நிறுவப்பட்ட ப்ரீபயாடிக்குகள் கிராம் கணக்கில் வேலை செய்கின்றன. சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படும் இனுலின் இயல்பான மலங்கழிப்புக்கு உதவுகிறது என்ற கூற்றை 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றபோது, அதற்கு அது வைத்த அளவு நாளொன்றுக்கு 12 கிராம். இப்போது, பாலிசாக்கரைடை நன்றாகவே உண்டாக்கும் பாக்டீரியாவால் உறைந்த தயிரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 மில்லிலிட்டர் கிண்ணம் ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கும். 12 கிராமை எட்ட 200 கிண்ணங்கள் வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் என்ற மிக அரிய விளைச்சலை எடுத்துக்கொண்டாலும் 30 கிண்ணங்கள். பாலிசாக்கரைடு இனுலினைவிடச் சில மடங்கு வீரியமானது என்று தாராளமாகக் கருதினாலும் இந்த இடைவெளி மூடாது. நூலிழுக்கும் தயிரை உண்பதால் கிடைக்கும் நன்மைகள் உண்மையாகவே இருக்கலாம். அவற்றை அதிலுள்ள பாலிசாக்கரைடின் ப்ரீபயாடிக் ஆற்றலுக்குக் கணக்கெழுதுவதற்கு எண்கள் இடம் தரவில்லை.

எலிகளில் நடக்கும் ஆய்வுகளை வாசிக்கும்போதும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற அளவைச் சுண்டெலிக்குக் கொடுத்ததாகக் கொண்டால், மருந்தியலில் வழக்கமான உடற்பரப்பு விகிதப்படி அதை ஏறத்தாழ 12ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அது சுமார் 1 கிராம். இந்த அளவை ஒரு மாத்திரைப் பொடியாகத் தர முடியும், சாதாரணப் பால் உணவில் எதிர்பார்க்க முடியாது. மேலும் எலிகள் தம் புழுக்கையைத் தாமே தின்பவை. பெருங்குடலில் ஒருமுறை புளித்தது மீண்டும் வாய்வழியே உள்ளே போகும் அந்த விலங்கின் முடிவை மனிதருக்கு நீட்டுவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

அளவுக்கு அடுத்தது தூய்மை. இந்த பாக்டீரியாக்களை வளர்க்க ஆய்வகங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, 1960இல் டி மான், ரோகோசா, ஷார்ப் ஆகிய மூவர் வகுத்த எம்.ஆர்.எஸ். ஊடகம். அதில் பெப்டோன், இறைச்சிச் சாறு, குளுக்கோஸ் ஆகியவற்றோடு ஈஸ்ட் சாறும் உண்டு. ஈஸ்ட்டின் செல்சுவரில் மானோஸ் என்ற சர்க்கரையால் ஆன மன்னான் என்ற பாலிசாக்கரைடு இருக்கிறது. வளர்ப்புத் திரவத்தில் எத்தனாலை ஊற்றிப் பாலிசாக்கரைடைப் படியவைக்கும் வழக்கமான முறையில், பாக்டீரியா உண்டாக்கிய சங்கிலியோடு இந்த மன்னானும் சேர்ந்து படிந்துவிடும். கலப்புப் பாலிசாக்கரைடுகளின் விளைச்சலே லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்தான் என்னும்போது, ஊடகத்திலிருந்து வந்த கலப்படம் அதற்கு ஈடாகவோ கூடுதலாகவோ இருக்கக்கூடும். சர்க்கரைப் பகுப்பாய்வில் மானோஸ் மிகுந்திருக்கிறது என்று ஒரு கட்டுரை சொன்னால், அது பாக்டீரியாவின் படைப்பா ஈஸ்ட்டின் எச்சமா என்று கேட்பது வாசிப்பவரின் உரிமை. இதில் கூடுதல் சிக்கல் என்னவென்றால், பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரான் ஈஸ்ட் மன்னானையும் உண்டு வளரக்கூடியது. ஆகவே மலக் கூட்டத்தில் கண்ட வளர்ச்சி உண்மையிலேயே எந்தச் சங்கிலியால் வந்தது என்பது தெரியாமலேயே போகலாம். எந்தப் பாக்டீரியாவையும் இடாத வெற்று ஊடகத்தை அதே முறையில் படியவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நாள் வேலை. அது இல்லாத கட்டுரையை நான் தயக்கத்தோடுதான் வாசிக்கிறேன்.

மனிதரில் செய்யப்பட்ட சோதனைகள் மிகச் சில. பீட்டா-குளுக்கானை உண்டாக்கும் பீடியோகாக்கஸ் பார்வுலஸ் வகை ஒன்றைச் சேர்த்துப் புளிக்கவைத்து, நூலிழுக்கும் பதத்தில் தயாரிக்கப்பட்ட ஓட்ஸ் உணவு ஒன்றைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்த ஆய்வு 2005இல் வெளியானது. கொலஸ்ட்ரால் குறைந்தது, மலத்தில் பிஃபிடோ பாக்டீரியாக்கள் கூடின என்று அது தெரிவித்தது. ஊக்கம் தரும் முடிவுதான். ஆயினும் ஓட்ஸிலேயே பீட்டா-குளுக்கான் உண்டு. நாளொன்றுக்கு 3 கிராம் ஓட்ஸ் பீட்டா-குளுக்கான் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது உணவு ஒழுங்குமுறை அமைப்புகளே ஏற்றுக்கொண்ட செய்தி. தானியத்தின் பங்கு எவ்வளவு, உயிருள்ள பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு, பாக்டீரியா நெய்த இழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அத்தகைய முழு உணவுச் சோதனையில் எளிதன்று.

இன்னொரு சோதனை ஜப்பானில் நடந்தது. பாஸ்பேட் கலந்த அமிலப் பாலிசாக்கரைடை உண்டாக்கும் லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் வகை ஒன்றால் ஆன தயிரை உண்ட முதியோருக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு குறைந்தது என்று 2010இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கலப்புப் பாலிசாக்கரைடு மில்லிகிராம் அளவிலும் வேலை செய்யக்கூடும் என்பதற்கு இது நல்ல குறிப்பு. ஆனால் அந்த ஆய்வாளர்கள் சுட்டும் வழி நோயெதிர்ப்புச் செல்களின் தூண்டல். குடல் பாக்டீரியாவை ஊட்டி வளர்ப்பது வேறு வழி. சிறுகுடலின் நோயெதிர்ப்புச் செல்கள் ஒரு சங்கிலியின் வடிவத்தை உணர்ந்து எதிர்வினை புரியச் சிறிதளவு போதும். ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு உணவிடப் பெருமளவு வேண்டும். உயிரற்ற நுண்ணுயிரிகளாலும் அவற்றின் கூறுகளாலும் ஆகிய தயாரிப்பு நலம் தருமானால் அதைப் போஸ்ட்பயாடிக் என்று அழைக்கலாம் என 2021இல் முன்பு சொன்ன அதே பன்னாட்டுச் சங்கம் வரையறுத்தது. தயிரில் உள்ள கலப்புப் பாலிசாக்கரைடுகள் தரக்கூடிய நன்மைகளில் பலவற்றை இந்தப் பக்கமாக நின்று தேடினால்தான் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். ப்ரீபயாடிக் என்ற பெயரை எல்லாவற்றுக்கும் ஒட்டுவதால் அந்தத் தேடலுக்கும் இடையூறுதான்.

உண்மையான ப்ரீபயாடிக் வாய்ப்பு சுக்ரோஸிலிருந்து பிறக்கும் முதல் வகைச் சங்கிலிகளிடம் இருக்கிறது. அவற்றைத்தான் கிராம் கணக்கில் உண்டாக்க முடியும். மாவைப் புளிக்கவைக்கும்போது சிறிது சுக்ரோஸைச் சேர்த்து, வைசெல்லா அல்லது லூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாவை இட்டால், கிலோவுக்குச் சில கிராம் டெக்ஸ்ட்ரான் மாவிலேயே உருவாகிவிடும். ரொட்டியின் மென்மை கூடுவதும், அது விரைவில் காய்ந்துபோகாமல் இருப்பதும் கூடவே கிடைக்கும் பயன்கள். லூக்கோனாஸ்டாக் மெசன்டீராய்டிஸ் தரும் டெக்ஸ்ட்ரான் தயாரிப்பை அடுமனைப் பொருள்களில் 5 விழுக்காடு வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே அனுமதி அளித்துவிட்டது. அந்த அளவில் ஒரு நாளின் உணவில் சில கிராமை எட்டுவது நடக்கக்கூடிய காரியம்.

அதைவிடக் கூர்மையான கருவி நொதியே. சுக்ரோஸை மட்டும் கொடுத்தால் நீண்ட சங்கிலியைக் கட்டும் குளுக்கான் நொதிக்கு, அதோடு மால்டோஸ் போன்ற சிறு சர்க்கரை ஒன்றையும் கொடுத்தால் அது குளுக்கோஸை அச்சிறு சர்க்கரையின் முனையில் சேர்க்கத் தொடங்கிவிடும்; விளைவு, சில அலகுகளே கொண்ட குறுஞ்சங்கிலிகள். இவை பிஃபிடோ பாக்டீரியாக்களால் எளிதில் உள்ளே வாங்கப்படக்கூடிய அளவு சிறியவை. ஆல்ஃபா-1,2 கிளையைச் சேர்க்கும் நொதியைப் பயன்படுத்தினால் சிறுகுடலையும் தாங்கும். பாக்டீரியாவின் திறனைக் கடன் வாங்கி, செரிமானத்தைத் தாங்கும் வலுவையும் உண்பவரையும் மனிதர் தேர்ந்துகொள்வதற்கு இதில் இடம் இருக்கிறது. நீளத்தைக் கூட்டுவதற்கும் ஒரு காரணம் உண்டு. மிகச் சிறிய சங்கிலிகள் பெருங்குடலின் தொடக்கத்திலேயே வேகமாகப் புளித்து, வாயுவையும் வயிற்று உப்புசத்தையும் தரும். நீண்ட சங்கிலிகள் மெல்லப் புளித்து, வழக்கமாகச் சர்க்கரையே சென்றடையாத கடைப்பகுதி வரைக்கும் உணவைக் கொண்டு செல்லக்கூடும். ஒருவருக்கு எந்த நீளம் பொருந்தும் என்பது அவருடைய குடலில் எந்தக் கூட்டம் வாழ்கிறது என்பதையும் பொறுத்தது.

கலப்புப் பாலிசாக்கரைடுகளைப் பொறுத்தவரை, இத்தனை ஐயங்களையும் தீர்க்க வல்ல ஒப்பீடு ஒன்று இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் சங்கிலியைக் கட்டும் மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோமில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கின்றன. மீண்டும் மீண்டும் வளர்க்கும்போது சில செல்கள் அந்த வளையத்தை இழந்துவிடும். நூலிழுக்கும் தன்மையும் அதோடு போய்விடும். பால் தொழிலுக்கு இது நெடுநாளைய தலைவலி. ஆய்வாளருக்கோ, பெரும்பாலும் அந்த வளையம் ஒன்றில் மட்டுமே வேறுபட்டு, ஒன்று இழை நெய்வதும் மற்றது நெய்யாததுமான இரட்டைப் பிறவிகள் இதனால் கைக்குக் கிடைக்கின்றன. அந்த வளையத்தில் வேறு மரபணுக்களும் இருக்கக்கூடும் என்பதால், இழை நெய்யும் மரபணுவை மட்டும் முடக்கிய மூன்றாவது வகை ஒன்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வகைகளால் தனித்தனியே உறைந்த தயிரையும், அதோடு கிராம் அளவில் தூய பாலிசாக்கரைடு சேர்த்த தயிரையும் மனிதருக்குக் கொடுத்து, மலத்தின் நுண்ணுயிர்க் கூட்டத்தையும் பியூட்டிரேட்டையும் உடல்நலக் குறியீடு ஒன்றையும் ஒருசேர அளந்தால், பாலின் பங்கும், பாக்டீரியாவின் பங்கும், இழையின் பங்கும் தனித்தனியே தெரிந்துவிடும். அதற்கு வேண்டிய பாக்டீரியாக்களும் அளவிடும் முறைகளும் இன்றே ஆய்வகங்களில் இருக்கின்றன.